ஆதித் திருச்சபை ஆய்வுக்கு வர நினைப்பவர்களுக்கு

பாளையங்கோட்டையில் என்னைத் தெரிந்தவர்கள் என் வேலையைப் பற்றி இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள். "தோமா உண்மையிலேயே மயிலாப்பூருக்கு வந்தாரா?" என்பது ஒன்று. "இதற்கெல்லாம் யாரம்மா சம்பளம் தருகிறார்கள்?" என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டுக்கும் ஒரே வரியில் பதில் கிடையாது. ஆதிக் கிறிஸ்தவத்தை, அதாவது முதல் ஐந்தாறு நூற்றாண்டுகளின் திருச்சபையை, ஆராய விரும்பும் மாணவர்கள் இப்போது எனக்கு அடிக்கடி எழுதுகிறார்கள். இந்த வழியில் வந்தபோது நான் பார்த்ததையும் பிடித்துக்கொண்டதையும் அவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இயேசுவைப் பற்றியும் பவுலைப் பற்றியும் கருத்துச் சொல்ல உலகத்தில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு பக்கத்தை எடுத்து வைத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது, எங்கே அழிந்திருக்கிறது, எங்கே பின்னால் வந்தவர் கை வைத்திருக்கிறார் என்று சொல்லக்கூடியவர்கள் குறைவு. இந்தத் தொழில் அந்தத் திறமையில்தான் நிற்கிறது. பட்டம், வாதம், புத்தகம், பெயர் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

நான் பி.ஏ. வரலாறு படித்தவள். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவ இயல் துறையில் எம்.ஏ. சேர்ந்தேன். அப்போஸ்தலர் தோமா இந்தியாவுக்கு வந்த கதையைச் சொல்லும் தோமா நடபடிகள் என்ற பழைய நூலைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டும் என்று ஆசிரியர் ஒருவரிடம் சொன்னபோது அவர் தலைப்பைப் பற்றி எதுவும் பேசவில்லை. "மொழிபெயர்ப்பை வைத்துக் கட்டுரை எழுதலாம், ஆய்வு செய்ய முடியாது. கோட்டயத்துக்குப் போ" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் அதைவிடப் பயன்பட்டது வேறில்லை.

கோட்டயத்தில் புனித எப்ரேம் பெயரில் 1985 முதல் ஒரு சுரியானி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. சுரியானி என்பது இயேசு பேசிய அரமேயத்தின் நெருங்கிய உறவு மொழி. எதேசா நகரத்தில், இன்றைய துருக்கியின் உர்ஃபாவில், இலக்கிய மொழியாக வளர்ந்தது. கேரளத்துச் சபைகளில் இன்றும் வழிபாட்டில் ஒலிக்கிறது. இந்த மொழியைக் கற்க ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆய்வாளர்கள் அங்கே வந்து போகிறார்கள். நாமோ நாகர்கோவிலில் ரயில் ஏறினால் அரை நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம். நம் மாணவர்களில் பலருக்கு இது தெரியவே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

என் வகுப்பில் பெரும்பாலும் குருமட மாணவர்கள். பாளையங்கோட்டையிலிருந்து வந்த சி.எஸ்.ஐ. பெண் ஒருத்தி எதற்காக இதைப் படிக்கிறாள் என்று அவர்களுக்கு ஆச்சரியம். எங்கள் மல்பான், அதாவது ஆசான், இலக்கண விதியைச் சொல்வதற்கு முன்பு சங்கீதத்தைப் பாடிக் காட்டுவார். நாங்கள் திருப்பிப் பாட வேண்டும். பிறகுதான் வினைச்சொல் அட்டவணை. வாயில் ஏறிய வரி கண்ணுக்கு எளிதில் பிடிபடும் என்பதை அங்கேதான் கண்டேன். பின்னாளில் கிரேக்கத்துக்கும், எகிப்தியக் கிறிஸ்தவர்களின் பழைய மொழியான காப்டிக்குக்கும் அதே முறையைத்தான் பின்பற்றினேன்.

சுரியானி எழுத்தில் ஒரு சங்கதி உண்டு. தாலத், ரீஷ் என்ற இரண்டு எழுத்துகளுக்கும் வடிவம் ஒன்றே. கீழே புள்ளி இருந்தால் தாலத், மேலே இருந்தால் ரீஷ். பெயர்ச்சொல்லின் பன்மையைக் காட்ட மேலே இரண்டு புள்ளிகள் வைப்பார்கள். 'மல்கா' என்றால் அரசன், 'மல்கே' என்றால் அரசர்கள். உயிர்க்குறி இடாத சுவடியில் இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றே. அந்த இரண்டு புள்ளிகள்தான் வேறுபடுத்தும். மை உதிர்ந்து புள்ளி போய்விட்டால் அரசன் ஒருவனா பலரா என்பதே கேள்வியாகிவிடும். புள்ளியில்லாத ஓலைச்சுவடிகளிலிருந்து சங்க நூல்களைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் உடனே புரியும். என்னுடன் படித்த ஐரோப்பிய மாணவர்கள் இதற்குப் பழக நாளெடுத்தது. எனக்கு அது சொந்த வீட்டுச் சங்கதியாகத் தெரிந்தது.

எந்த மொழியை முதலில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கிரேக்கம்தான். எந்தத் திசையில் போனாலும் அது வேண்டும். ஆனால் புதிய ஏற்பாட்டோடு நிறுத்திவிடக் கூடாது. மாற்கின் நடை எளியது, பலருக்கு ஏற்கெனவே மனப்பாடமாகத் தெரிந்த கதை வேறு. அதனால் மொழி தெரிந்துவிட்டது என்று தோன்றிவிடும். செசரியாவின் யூசேபியுஸ் எழுதிய சபை வரலாற்றில் ஒரு பக்கத்தை அகராதியோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள், உங்கள் கிரேக்கம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். கிரேக்கம் ஓரளவு காலூன்றியதும் இரண்டாவது மொழி. எகிப்தின் துறவிகளிலும் அங்கே நாக் ஹம்மாதியில் கண்டெடுத்த பழைய நூல்களிலும் ஆர்வமிருந்தால் காப்டிக், கிழக்கே பார்த்தால் சுரியானி, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜையும் அகுஸ்தீனையும் நோக்கினால் லத்தீன். இவற்றோடு ஜெர்மனும் பிரெஞ்சும் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது வேண்டும். இந்தத் துறையின் நூறாண்டு வாதங்களில் பாதி அந்த இரண்டு மொழிகளில் கிடக்கின்றன.

மலைப்பாகத்தான் இருக்கும். தினமும் கொஞ்சம் என்பதைத் தவிர வேறு வழியை நான் காணவில்லை. வாரக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து படிக்கும் திட்டங்கள் ஒருவருக்கும் நிலைத்து நான் பார்த்ததில்லை.

முனைவர் பட்டத்துக்கு ஜெர்மனி போனேன். அரசுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் ஆய்வுக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்கு ஒரு சிறு தொகை கட்டினால் போதும். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தருவது போன்ற உதவித்தொகைகளுக்கு நம் மாணவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் போவதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. அங்கே இறையியல் துறைகள் கத்தோலிக்கம், புரொட்டஸ்டண்ட் என்று பிரிந்தவை. கத்தோலிக்கத் துறையில் பேராசிரியராக வேண்டுமானால் திருச்சபையின் ஒப்புதல் வேண்டும். புரொட்டஸ்டண்ட் துறைகளில் இறையியல் முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் சபை உறுப்பினர் சான்று கேட்பார்கள். எங்கள் சபை ஐயரிடம், அதாவது போதகரிடம், கடிதம் வாங்கி அனுப்புவது எனக்குக் கடினமாக இல்லை. என்னோடு விண்ணப்பித்த இந்துத் தோழி ஒருத்திக்கு அந்த வழி அடைபட்டது. அவள் கீழைக் கிறிஸ்தவ மொழிகள் துறை வழியாகத் தத்துவ முனைவர் பட்டத்துக்குப் போனாள். இன்று அவளுடைய காப்டிக்கை மிஞ்ச எங்கள் வட்டத்தில் ஆளில்லை. ஆகவே கிறிஸ்தவரல்லாதவர்கள் இந்தத் துறை தங்களுக்கு இல்லை என்று ஒதுங்க வேண்டாம். வரலாறு, செவ்வியல் மொழிகள், செமித்திய மொழிகள் என்று வேறு வாசல்கள் இருக்கின்றன.

தோமா நடபடிகளின் சுரியானி வடிவத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் சுவடிகளில் முக்கியமானது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 936ஆம் ஆண்டு எழுதப்பட்டது. எகிப்தின் பாலைவனத்தில் நத்ரூன் பள்ளத்தாக்கில் உள்ள சுரியானித் துறவியர் மடத்திலிருந்து வந்தது. அந்த மடத்தின் தலைவர் நிசிபிஸ் மோசே வரி விலக்குக் கேட்டு பாக்தாத் வரைக்கும் போனவர். 932ல் திரும்பும்போது 250 சுவடிகளைக் கூடவே கொண்டு வந்தார். பாலைவனத்தின் வறண்ட காற்று அவற்றைக் காப்பாற்றியது. சுரியானி இலக்கியத்தில் இன்று நம் கையில் இருப்பதில் பெரும்பங்குக்கு அந்த ஒரு மனிதரின் புத்தக ஆசைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வாசிப்பறைக்குள் பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும்தான். கையுறை கிடையாது. கழுவித் துடைத்த வெறுங்கைதான் தோல் ஏட்டுக்கு நல்லது, கையுறை போட்டால் விரலுக்கு உணர்ச்சி மங்கி ஏட்டைக் கிழித்துவிடலாம் என்பார்கள். சாய்வான நுரைத் தாங்கியில் சுவடியை வைத்து, துணி சுற்றிய ஈயக் கயிற்றால் பக்கத்தை மெல்ல அழுத்திக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்தபோது நிழற்படத்தில் புள்ளி என்று நான் குறித்து வைத்திருந்த ஒன்று நேரில் பார்க்கும்போது தோலில் இருந்த மயிர்க்கால் துளையாக இருந்தது. படத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஒளியைப் பக்கவாட்டில் விழச் செய்தால் துளை குழியாகத் தெரியும், மை தெரியாது. இணையத்தில் படங்கள் கிடைக்கும் இந்தக் காலத்திலும், ஆய்வேட்டின் முடிவு எந்தச் சில எழுத்துகளில் தொங்குகிறதோ அவற்றையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பட்டியல் போட்டுக்கொண்டு போனால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம், செலவும் குறையும்.

இந்த நூலைச் சுரியானியில் மட்டும் படித்தால் போதாது என்பதுதான் என் ஆய்வேட்டின் கரு. நூல் முதலில் சுரியானியில், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. ஆனால் நம் கைக்கு வந்த சுரியானிப் பிரதியைப் பிற்காலத்தவர் தங்கள் காலத்துப் போதனைக்கு ஏற்பத் திருத்தியிருக்கிறார்கள். அதனால் பல இடங்களில் கிரேக்க மொழிபெயர்ப்பே பழைய வாசகத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. தூய ஆவியைத் தாயே வா என்று அழைக்கும் வேண்டல்கள் அதில் வருகின்றன. ஐந்தாம் நூற்றாண்டுக்குப் பிறகு அப்படிப் பேசுவது அருகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி முத்தின் பாடல். கீழ்த்திசை இளவரசன் ஒருவன் எகிப்துக்குப் போய் ஒரு முத்தை எடுத்து வர அனுப்பப்படுகிறான். போன இடத்தில் உண்டு, உறங்கி, தான் யார் என்பதையே மறக்கிறான். வீட்டிலிருந்து வந்த கடிதம் கழுகாகப் பறந்து வந்து அவனை எழுப்புகிறது. இந்தப் பாடலை முழுமையாகத் தரும் சுரியானிச் சுவடி லண்டனில் உள்ள அந்த ஒன்றுதான். கிரேக்கத்திலும் ரோமில் உள்ள ஒரே ஒரு பதினோராம் நூற்றாண்டுச் சுவடிதான். அந்த இரண்டும் அழிந்திருந்தால் இப்படி ஒரு கவிதை இருந்தது என்பதே நமக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

படிக்கும் திறமை ஏன் எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும் என்பதற்கு என் காலத்திலேயே நடந்த ஒரு சான்று இருக்கிறது. 2012 செப்டம்பரில் ரோமில் நடந்த காப்டிக் மாநாட்டில், இயேசு "என் மனைவி" என்று சொல்வதாக ஒரு சிறு பப்பைரஸ் (நாணல் தாள்) துண்டை ஹார்வர்டு பேராசிரியர் கேரன் கிங் அறிவித்தார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. 2014ல் வெளியான சோதனை முடிவுகள் பப்பைரஸ் பழமையானதுதான் என்றன, மையிலும் குறை சொல்லவில்லை. ஆனால் காப்டிக் படிப்பவர்கள் வேறு இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டில் இருந்த சொற்றொடர்கள் தோமா நற்செய்தி என்ற வேறொரு பழைய நூலிலிருந்து வெட்டி ஒட்டியவை. இணையத்தில் கிடைத்த ஒரு வரிக்கு வரி மொழிபெயர்ப்புக் கோப்பில் விடுபட்டிருந்த ஓர் எழுத்து துண்டிலும் அதே இடத்தில் விடுபட்டிருந்தது. அதே உரிமையாளரிடமிருந்து வந்த யோவான் நற்செய்தித் துண்டு ஒன்று, 1924ல் அச்சான ஒரு பதிப்பை ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் பார்த்து எழுதியது; வரி எங்கே முடிகிறதோ அங்கேயே முடிந்தது. அது எழுதப்பட்டிருந்த காப்டிக் கிளைமொழியோ, சோதனை சொன்ன பப்பைரஸின் காலத்துக்குப் பல தலைமுறை முன்பே எழுத்து வழக்கொழிந்தது. 2016ல் ஒரு பத்திரிகைப் புலனாய்வு, துண்டு எங்கிருந்து வந்தது என்ற கதையே பொய் என்று காட்டியது. அதற்குப் பிறகு பேராசிரியரும் அது போலியாகவே இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டார்.

ஆகவே யாராவது ஒரு பழைய ஏட்டைக் காட்டினால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதற்கு முன்பு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பண்பாட்டுச் சொத்துகளைக் கடத்துவதற்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970ல் வந்தது. அதற்கு முன்பே அந்தப் பொருள் சட்டப்படி வெளிநாட்டில் இருந்ததற்குத் தாள் இருக்கிறதா என்று பார்ப்பது இப்போது எங்கள் துறையில் வழக்கம். நம் கோவில் சிலைகள் எப்படிப் போயின என்று தெரிந்த நாம் இதில் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். விற்பனையாளருக்கு உதவியாக ஓர் எழுத்தைக்கூட நான் படித்துச் சொல்வதில்லை.

இனி தோமா. தோமா நடபடிகளில் வரும் குந்தபர் அரசன் கற்பனை அல்லன். கொண்டோபாரஸ் என்ற பெயரில் அவன் நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. இன்றைய பாகிஸ்தானில் தக்தி பாஹியில் கிடைத்த கல்வெட்டு அவனை முதல் நூற்றாண்டில் வைக்கிறது. எதேசாவில் இருந்த ஆசிரியருக்கு இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஓர் அரசனின் பெயர் எப்படித் தெரிந்தது என்பது நல்ல கேள்வி. ஆனால் அவன் நாடு வடமேற்கில் இருந்தது. நூல் மயிலாப்பூரைச் சொல்லவில்லை. தோமா கொல்லப்பட்ட பிறகு எலும்புகள் மேற்கே கொண்டுபோகப்பட்டன என்கிறது. 384ல் எகேரியா என்ற பெண் யாத்திரிகர் எதேசாவில் தோமாவின் கல்லறைக் கோவிலில் வணங்கினார். பரங்கிமலையில் 1547ல் போர்ச்சுகீசியர் கண்டெடுத்த சிலுவையில் இருப்பது பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. கோட்டயம் பெரிய பள்ளியில் உள்ள சிலுவைகளிலும் அதுதான். அவை பாரசீகக் கிறிஸ்தவர்கள் இங்கே வந்து வாழ்ந்ததற்குச் சான்று, தோமா வந்ததற்கு அல்ல. செங்கடலிலிருந்து முசிறிக்குக் கப்பல்கள் வந்துகொண்டிருந்த காலம் அது, ஒரு யூதர் ஏறி வந்திருக்க முடியும். முடியும் என்பது வரை என்னால் போக முடிகிறது. அதற்கு மேல் ஏடு இல்லை.

இந்தப் பதிலைக் கேட்டு எங்கள் சபையில் சிலருக்கு முகம் வாடியது. என் விசுவாசத்தைப் பற்றியும் கேட்டார்கள். நான் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள். சாட்சி சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லக் கூடாது என்பது பத்துக் கட்டளையிலேயே இருக்கிறது என்று அவர்களிடம் சொன்னேன். இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். விசுவாசி இல்லாதவர்களிடமும் வேறு விதமாகக் கேட்பார்கள். அதற்குப் பதிலை வகுப்பறைக்குள் கொண்டுவராமல் இருந்தால் போதும். என் வகுப்பில் பாதிரியாரும் நாத்திகரும் ஒரே வினைச்சொல்லோடுதான் மல்லுக்கு நிற்கிறார்கள்.

சம்பளம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நிரந்தரப் பேராசிரியர் பணிகள் உலகெங்கும் மிகக் குறைவு. ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு என்று தற்காலிக ஒப்பந்தங்களுக்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. அதற்குள் நிரந்தரப் பணி அமையாதவர்கள் திட்டப் பணத்தில் நீடிக்க வேண்டும், இல்லையென்றால் வெளியேற வேண்டும். மிகத் திறமையான நண்பர்கள் வெளியேறியதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் முனைவர் பட்டக் காலத்திலேயே பக்கத்தில் இன்னொரு கைத்தொழிலையும் கற்றுவிடுங்கள். எனக்குச் சோறு போட்டது சுவடி விவரப்பட்டியல். ஏட்டின் அளவு, கட்டுமானம், எழுத்தின் பாணி, ஓரக்குறிப்புகள், கைமாறிய வரலாறு ஆகியவற்றை முறைப்படி பதிவு செய்யும் வேலை. இப்போது ஐரோப்பிய நூலகம் ஒன்றில் அதைத்தான் செய்கிறேன், கூடவே சுரியானியும் கற்பிக்கிறேன். மின்பதிப்புகளுக்கு வேண்டிய குறியீட்டு முறையைக் கற்றவர்களுக்கும் வேலை கிடைக்கிறது.

இதற்கான பயிற்சியை வீட்டிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள ஹில் சுவடி நூலகம் கேரளச் சுவடிகள் உட்பட ஏராளமான ஏடுகளைப் படமெடுத்து வைத்திருக்கிறது. பதிவு செய்துகொண்டால் இலவசமாகப் பார்க்கலாம். எழுத்துகளைப் படிக்கக் கற்றுத்தரும் பாடங்களும் அங்கேயே உண்டு. ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரத்தில் 1959ல் தொடங்கிய புதிய ஏற்பாட்டுச் சுவடி நிறுவனமும் கிரேக்கச் சுவடிகளின் படங்களைத் திறந்து வைத்திருக்கிறது. நம் ஊரில் பெரிய நூலகம் இல்லையே என்ற கவலை இன்று முன்போல் தடையில்லை.

பட்டமும் பதவியும் இல்லாமலே இத்துறையை மாற்றியவர்கள் உண்டு. ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற ஸ்காட்லாந்து இரட்டைச் சகோதரிகள் கேம்பிரிட்ஜில் வாழ்ந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகம் அப்போது பெண்களுக்குப் பட்டமே தராது. ஆக்னஸ் நடுவயதில் சுரியானி கற்றார். 1892ல் சீனாய் மலை மடத்தில், பெண் புனிதர்களின் கதைகளுக்கு அடியில் சுரண்டி அழிக்கப்பட்டிருந்த பழைய நற்செய்திகளைக் கண்டார். சுரியானியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நற்செய்தி வாசகங்களில் ஒன்று அது. பேருந்தில் என் மாணவி ஒருத்தி இந்தக் கதையை அவள் அம்மாவுக்கு விவரித்துச் சொல்வதைக் கேட்டபோது எனக்கு மனம் நிறைந்தது.

வழிகாட்டியைத் தேடி எழுதும் கடிதத்தைப் பற்றி ஒன்று. என் பெட்டிக்கு வருபவற்றில் பெரும்பாலானவை ஆர்வத்தை மட்டும் சொல்கின்றன, எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. உங்களுக்குப் பிடித்த ஒரு பத்தியை மூலத்திலிருந்து நீங்களே மொழிபெயர்த்து, சிக்கலான இடங்களுக்குக் குறிப்பு எழுதி, இரண்டு பக்கத்துக்குள் இணைத்து அனுப்புங்கள். தவறுகள் இருந்தால் பரவாயில்லை. எங்கே தடுமாறினீர்கள், அகராதியில் எதைத் தேடினீர்கள், ஏன் ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தீர்கள் என்பது அதில் தெரியும். அப்படி வரும் கடிதத்துக்கு நான் அன்றைக்கே பதில் எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த மற்ற ஆசிரியர்களும் அப்படித்தான்.